தரை தட்டும் கார்களும் கொல்கத்தா வாசல்களும்

கொல்கத்தா சமவெளி நகரம். ஹூக்ளி ஆற்றின் கிழக்குக் கரையில், கடல் மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரத்திலேயே அது விரிந்து கிடக்கிறது. ஆற்றங்கரையில் சற்றே உயர்ந்த நிலம் கிழக்கேயுள்ள சதுப்பு நிலங்களை நோக்கி மெல்லத் தாழ்கிறது. அந்தத் தாழ்வும் கண்ணுக்குப் புலப்படுவதன்று. மலைச்சாலை என்பதே இல்லாத அந்நகரில், காரின் அடிவயிறு காங்கிரீட்டில் உரசும் ஓசை தெருவுக்குத் தெரு கேட்கிறது. உரசுவது சாலையில் அன்று; வீட்டு வாசலில்.

காரணம் நீர். கொல்கத்தாவின் பழைய பகுதிகளில் கழிவுநீரையும் மழைநீரையும் ஒருசேரக் கொண்டு செல்பவை 19ஆம் நூற்றாண்டில் செங்கல்லால் கட்டப்பட்ட பாதாளச் சாக்கடைகளே. நிலத்தின் வாட்டம் போதாமையால் நீரைப் பம்பு வைத்து இறைத்தே வெளியேற்ற வேண்டியுள்ளது. 2025 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு தொடங்கி மறுநாள் காலை வரை அங்கு ஏறத்தாழ 250 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது, துர்க்கை பூசைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த நகரம் இடுப்பளவு நீரில் நின்றதையும், தெருவில் நிறுத்தியிருந்த கார்கள் மூழ்கியதையும் நாடே கண்டது. இத்தகைய ஊரில் வீடு கட்டுவோர், நம் கொத்தனார்கள் ‘பேஸ்மட்டம்’ எனக் குறிக்கும் அடித்தளத்தை முடிந்தவரை உயர்த்தவே விரும்புவர். வட கொல்கத்தாவின் பழைய வீடுகளில் வாசலையொட்டி உயர்ந்த மேடை ஒன்று இருக்கும். ‘ரோக்’ என்று வங்காளிகள் வழங்கும் அது நம் திண்ணைக்கு உடன்பிறப்பு. அதன் மீது அமர்ந்து ஊர்க்கதை பேசுவது அவர்களுடைய பண்பாட்டின் ஒரு கூறாகவே ஆகிவிட்டது. மனிதர் மூன்று படி ஏறி அந்த மேடையை அடைந்துவிடலாம். காருக்குப் படி உதவாது, சாய்தளம் வேண்டும்.

சாய்தளத்துக்கு நீளம் வேண்டும். கொல்கத்தாவில் கிடைக்காத பொருள் அதுவே. அங்கு மனையைக் ‘காட்டா’ என்னும் அளவால் குறிப்பர். 1 காட்டா என்பது 720 சதுர அடி. இரண்டு காட்டா மனையில் எழும் நான்கு மாடி வீட்டுக்கு முன்புறம் எஞ்சுவது சில அடிகளே. அந்தச் சில அடிகளுக்குள் இரண்டடி உயரத்தை ஏற வேண்டுமென்றால் வாட்டம் செங்குத்தாகத்தான் அமையும்.

இதற்கு நேர்மாறான வகையும் அங்கு உண்டு. தமிழர்கள் பல தலைமுறையாக வாழ்ந்துவரும் லேக் மார்க்கெட் சுற்றுவட்டாரம் போன்ற தென் கொல்கத்தாப் பகுதிகளில், அம்பாசடர் காலத்தில் கட்டிய கார் கொட்டில்களின் தரை இன்று சாலையைவிடத் தாழ்ந்து கிடப்பதைக் காணலாம். கொட்டில் இறங்கவில்லை, சாலைதான் ஏறிவிட்டது. பழைய தார்ப்பரப்பைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே புதுப்பரப்பை இடுவதால் ஒவ்வொரு முறையும் சாலை சில சென்டிமீட்டர் உயர்கிறது. முப்பது, நாற்பது ஆண்டுகளில் அது ஒரு படியளவாகிறது. நமக்கும் இது புதிதன்று. சென்னையில் இதே வழக்கத்தால் வீடுகளுக்குள் மழைநீர் புகுவதைக் கண்டே, 2021இல் அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு, பழைய பரப்பைச் சுரண்டி எடுத்த பின்னரே புதிய சாலை இட வேண்டும், சாலையின் மட்டம் உயரக்கூடாது என அறிவுறுத்தினார். ஆகவே இக்கட்டுரையில் கொல்கத்தாவை முன்னிறுத்தி நாம் கூறுவன, மாம்பலத்திலோ வேளச்சேரியிலோ மதுரையிலோ குடியிருக்கும் வாசகருக்கும் பொருந்தும்.

குற்றவாளி உயரமா, மடிப்பா?

‘கார் மிகத் தாழ்ந்தது, அதனால் இடிக்கிறது’ என்பதே பலரும் முதலில் கூறுவது. உண்மை அதில் பாதியே. ஒரே சீரான சரிவில், அது எவ்வளவு செங்குத்தாக இருந்தாலும், கார் உரசுவதில்லை. சரிவு மாறும் இடத்தில்தான் உரசுகிறது. அத்தகைய இடங்கள் இரண்டு. சாலை முடிந்து சாய்தளம் தொடங்கும் கீழ் மடிப்பு ஒன்று. அங்கு இடிபடுவது முன்பம்பர். சாய்தளம் முடிந்து கொட்டிலின் சமதளம் தொடங்கும் முகடு மற்றொன்று. அங்கு உரசுவது காரின் நடுவயிறு, அதாவது எஞ்சின் எண்ணெய் தங்கும் ‘சம்ப்’, சைலன்சர் குழாய், இருபுறக் கதவுகளின் அடிவிளிம்பு ஆகியன.

முகட்டில் உரசுமா என்பதைக் கணித்தறிய எளிய வாய்பாடு ஒன்று உண்டு. முன்சக்கரத்தின் மையத்துக்கும் பின்சக்கரத்தின் மையத்துக்கும் இடையிலுள்ள நீளத்தை எடுத்துக்கொள்க. கையேட்டில் ‘வீல் பேஸ்’ என்று அச்சிட்டிருப்பது அதுவே. அதை நான்கால் வகுத்து, வரும் விடையைச் சாய்தளத்தின் வாட்டத்தால் பெருக்குக. நான்கு சக்கரங்களும் முகட்டின் இருபுறமும் சமமாக நிற்கும் கணத்தில், முகடு காரின் வயிற்றை நோக்கி எவ்வளவு எழும்பி நிற்கும் என்பது கிடைக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு. நடுத்தர செடான் காரின் சக்கர இடைநீளம் ஏறத்தாழ 2,600 மில்லிமீட்டர். நான்கால் வகுத்தால் 650. சாலையைவிட 60 சென்டிமீட்டர் உயரத்திலுள்ள கொட்டிலுக்கு 3 மீட்டர் நீளத்தில் சாய்தளம் அமைத்தால் அதன் வாட்டம் ஐந்துக்கு ஒன்று. 650ஐ ஐந்தால் வகுக்க 130 மில்லிமீட்டர். காரின் தரை இடைவெளி 165 எனக் கையேடு கூறுமாயின் 35 மில்லிமீட்டர் மிச்சம் உள்ளதுபோல் தோன்றும். ஆனால் அந்த 165 பெரும்பாலும் வெறும் வண்டியின் அளவு. ஐந்து பேரும் ஊர்ப்பயணப் பெட்டிகளும் ஏறியபின் ஸ்பிரிங் அமுங்கி 30 முதல் 40 மில்லிமீட்டர் வரை குறைந்துவிடும். எஞ்சுவது 125, முகடோ 130. தனியே ஓட்டி வந்தபோது உரசாத கார், ஹவுரா ரயில் நிலையத்திலிருந்து மாமனார் குடும்பத்தை அழைத்து வரும் நாளில் உரசுவதன் மர்மம் இதுவே.

அதே சாய்தளம் எட்டுக்கு ஒன்று என்ற வாட்டத்தில் இருந்திருந்தால், முகடு 81 மில்லிமீட்டரே எழும்பும். கார் ஏறும் சாய்தளங்களுக்கு எட்டுக்கு ஒன்று, இடமிருந்தால் பத்துக்கு ஒன்று எனப் பொறியாளர்கள் வற்புறுத்துவது வீண் பிடிவாதம் அன்று.

தரை இடைவெளி ஒன்றாகவே இருப்பினும், நீளமான கார் குட்டையான காரைவிட எளிதில் உரசும் என்பதும் இவ்வாய்பாட்டிலிருந்தே விளங்கும். விற்பனையாளர் ‘இதற்கும் அதே 165தான்’ என்று கூறும்போது சக்கர இடைநீளத்தையும் கேட்பது நலம்.

கீழ் மடிப்பின் கணக்கு இன்னும் எளிது. முன்சக்கர மையத்திலிருந்து பம்பரின் மூக்கு வரையுள்ள நீளத்தை வாட்டத்தால் பெருக்கினால் போதும். 800 மில்லிமீட்டர் நீண்ட மூக்கு, ஐந்துக்கு ஒன்று என்ற வாட்டத்தில் 160 மில்லிமீட்டர் உயரத்தைத் தாண்டியாக வேண்டும். பம்பரின் கீழ்விளிம்பு 180இல் இருந்தாலும், ஓட்டுநர் அவ்விடத்தில் பிரேக்கை அழுத்தினால் காரின் முகம் தாழ்ந்து அந்த 180 உடனே 150 ஆகிவிடும். பயந்து பிரேக் பிடிப்பதே இடியை வரவழைக்கிறது.

எங்கே உரசுகிறது என்று ஐயமாக இருப்பின், முகட்டிலும் கீழ் மடிப்பிலும் சுண்ணக்கட்டியைத் தாராளமாகத் தேய்த்துவிட்டு, காரை மிக மெதுவாக ஏற்றிப் பார்க்கலாம். வெண்மை ஒட்டிய பாகமே உரசும் பாகம். வாட்டத்தை அளக்க ரசமட்டமும் அளவு நாடாவும் போதும். ஒரு மீட்டர் நீளச் சட்டத்தைச் சமமாகப் பிடித்து, அதன் தாழ்ந்த முனைக்கும் தரைக்கும் இடையிலுள்ள உயரத்தை அளந்தால் விடை கையில்.

ஆறு சென்டிமீட்டரைக் கொத்தி எடுத்தல்

சொந்த வீடாயின், காரை மாற்றுவதற்கு முன் சாய்தளத்தை மாற்ற எண்ணுவதே சிக்கனம். இங்கு மிகக் குறைந்த செலவில் மிகுந்த பயன் தரும் வேலை, முகட்டின் கூர்மையைச் சீவி எடுப்பதாகும். மேலே கூறிய 3 மீட்டர் சாய்தளத்தையே கொள்வோம். முகட்டிலிருந்து சாய்தளத்தின் பக்கம் 60 சென்டிமீட்டர், கொட்டிலின் உட்பக்கம் 60 சென்டிமீட்டர் எனக் கோடு கிழித்து, அவ்விரு கோடுகளையும் நேராக இணைக்கும்படி இடைப்பகுதியைக் கொத்தி எடுக்க வேண்டும். முகட்டில் வெட்டுப்படும் ஆழம் 6 சென்டிமீட்டர்தான். ஆனால் 130 மில்லிமீட்டராக எழும்பி நின்ற முகடு, இப்போது காரின் எந்த நிலையிலும் 80க்குள் அடங்கிவிடும். ஐந்துக்கு ஒன்று என்ற வாட்டத்தை மாற்றாமலேயே, எட்டுக்கு ஒன்று என்ற சாய்தளத்தின் பயன் முகட்டில் கிடைத்துவிடுகிறது.

கொல்கத்தாவில் வேலையைச் செய்யப்போகும் ராஜ்மிஸ்திரியிடம், அதாவது கொத்தனாரிடம், சரிவைக் குறிக்க ‘டால்’ என்ற சொல்லைப் பயன்படுத்தலாம். கொத்துவதற்கு முன் தரைக்கு அடியில் தண்ணீர்க் குழாயோ மின்கம்பியோ செல்கிறதா எனப் பார்த்துக்கொள்வது அவசியம். அடுக்குமாடிக் கட்டடமாயின், அந்த முகடு கட்டடத்தின் உத்தரமாகவும் இருக்கக்கூடும். பொறியாளர் பார்த்து இசைவளிக்காமல் உளி வைக்கக் கூடாது. கொட்டிலுக்கு ஷட்டர் இருந்தால், சீவிய பின் அதன் அடியில் இடைவெளி விழும். கனமான ரப்பர் பட்டையை அடிவிளிம்பில் பொருத்தி அதை அடைக்கலாம். இல்லையேல் எலியும் மழைநீரும் அவ்வழியே வரும்.

கீழ் மடிப்பு இவ்வளவு எளிதில் வசப்படாது. அங்கு மடிப்பைத் தணிக்க வேண்டுமெனில் சாய்தளத்தின் தொடக்கம் மென்மையாக இருக்க வேண்டும். அதற்கு மொத்த நீளம் கூடுதலாக வேண்டும். பலரும் அந்த நீளத்தைத் தெருப்பக்கம் தேடுகிறார்கள். நாம் அதை வீட்டுப்பக்கம் தேடச் சொல்கிறோம். சாய்தளம் கொட்டிலின் வாயிலோடு முடிய வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. அது 2 மீட்டர் உள்ளே நுழைந்து முடியலாம். 3 மீட்டராக இருந்தது 5 மீட்டராகும். அதில் முதல் மீட்டரில் 7 சென்டிமீட்டர் மட்டும் ஏறி, மீதி 53 சென்டிமீட்டரை எஞ்சிய 4 மீட்டரில் ஏறினால், பம்பரின் மூக்கு தாண்ட வேண்டியது 160 அன்று, 56 மில்லிமீட்டர்தான். மேலே முகடும் தானாகவே 86 மில்லிமீட்டருக்குத் தணிந்துவிடும். காரின் பின்சக்கரங்கள் சரிவில் நிற்க நேரும் என்பது இதிலுள்ள குறை. கைப்பிரேக்குடன் சக்கரத்துக்கு மரக்கட்டை கொடுக்கும் பழக்கம் வேண்டும். கொட்டிலின் வாய் தாழ்வதால் வாசலில் குறுக்கு வடிகால் ஒன்றும், அதன்மேல் இரும்புக் கிராதியும் அமைப்பது நல்லது. வெள்ளம் ஏறும் தெருவில், உட்புறச் சமதளத்தின் உயரத்தை மட்டும் ஒருபோதும் குறைக்கலாகாது.

புதுக் காங்கிரீட் 10 முதல் 12 சென்டிமீட்டர் தடிமனுக்குக் குறையக் கூடாது. மேற்பரப்பை வழவழப்பாகப் பூசிவிடும் கொத்தனாரின் கைத்திறனைப் பாராட்டத் தோன்றினாலும் தடுத்துவிட வேண்டும். ஈரத்தில் துடைப்பத்தால் குறுக்கே கோடு இழுத்த சொரசொரப்பே டயருக்குப் பிடி தரும். ஏழு நாளாவது தண்ணீர் கட்டி வைக்க வேண்டும். அதன்பின்னும் அவசரப்பட்டுக் காரை ஏற்ற வேண்டாம். காங்கிரீட் தன் முழு வலிமையை அடைய 28 நாள் கணக்கு.

தெருப்பக்கம் ஏன் கூடாது என்பதற்கு விடை கொல்கத்தாவின் எந்த மழைநாளிலும் கிடைக்கும். சாலையோரத்துக்கும் நடைபாதை விளிம்புக் கல்லுக்கும் இடையேயுள்ள தாழ்ந்த ஓடைவழியில்தான் மழைநீர் ஓடி, அங்கங்கே உள்ள வடிகால் வாய்களில் இறங்குகிறது. ஒரு வீட்டார் தம் கார் இடிக்காதிருக்க அந்த ஓடையில் ஒரு முழம் சிமென்டுக் கலவையை ஆப்புப்போல் அறைந்துவிட்டால், நீர் அங்கே தேங்கும். பக்கத்து வீட்டாரும் அவ்வாறே செய்தால் தெருவே குளமாகும். தங்கள் வாசலை மேடாக்கியவர்களின் வாசலுக்கே அந்நீர் திரும்பி வருவதும் உண்டு. பொதுச்சாலையிலும் நடைபாதையிலும் அனுமதியின்றி நிலையாக எதையும் கட்டுவது மாநகராட்சி விதிகளுக்குப் புறம்பானது, எந்நாளும் அகற்றப்படலாம். நடைபாதையில் கைத்தடி ஊன்றி வரும் முதியவருக்கு அந்த ஆப்பு ஒரு தடைக்கல்.

வாடகை வீட்டினர்க்கு

வங்கிப் பணியாளர் உட்படப் பலரும் மூன்றாண்டுக்கொருமுறை ஊர் மாறுபவர்கள். அவர்கள் வீட்டுக்காரரின் தரையைக் கொத்த முடியாது. அவர்களுக்கு எடுத்து வைக்கும் தகடே துணை. சொரசொரப்பான கோடுகள் எழுப்பிய 5 அல்லது 6 மில்லிமீட்டர் எஃகுத் தகட்டைப் பட்டறைகளில் ‘செக்கர் பிளேட்’ என்பர். அடியில் ஆங்கிள் இரும்பு பற்றவைத்து, சக்கரத்துக்கு ஒன்றாக இரண்டு பலகைகள் செய்துகொள்ளலாம். சக்கரம் செல்லும் தடத்தை மட்டும் உயர்த்தி, நடுவே வெற்றிடம் விடுவதே இதன் சூழ்ச்சி. சக்கரம் உயர்கிறது, வயிற்றுக்குக் கீழேயுள்ள தரை உயர்வதில்லை. கீழ் மடிப்பில் வைத்தாலும் முகட்டின் இருபுறமும் வைத்தாலும் பயன் உண்டு. ஓரத்தில் வைக்கும் ஆயத்த ரப்பர் ஆப்புகளும் கடையில் கிடைக்கின்றன. எடை குறைவு, தூக்குவது எளிது. இவற்றை வேலை முடிந்ததும் எடுத்து உள்ளே வைத்துவிட வேண்டும். மழைக்காலம் முழுவதும் ஓடையிலேயே கிடக்க விட்டால், சிமென்டு ஆப்புக்கும் இதற்கும் வேறுபாடில்லை.

ஓட்டும் முறையாலும் ஓரளவு தப்பலாம். சாய்தளத்தை நேராக ஏறாமல் குறுக்காக ஏறினால் வாட்டம் குறையும். 45 பாகைச் சாய்வில் சென்றால், ஐந்துக்கு ஒன்று என்பது ஏறத்தாழ ஏழுக்கு ஒன்றாகிவிடுகிறது. ஆனால் அதற்கு அகலமான வாசல் வேண்டும். இருபுறமும் சுவரெழுந்த கொல்கத்தாச் சந்தில் பாதியளவு சாய்வு கிடைத்தாலே பெரிது. மூன்று பேர் இறங்கி நடந்து வருவது அதைவிட உறுதியான வழி. பிரேக்கை மடிப்புக்கு முன்பே பிடித்து, மடிப்பைத் தொடும் கணத்தில் விட்டுவிட வேண்டும். டயரில் காற்று குறைந்திருந்தால் அதுவும் உரசலுக்கு உடந்தை.

காரின் மீது கைவைக்கும் முன்

‘ஸ்பிரிங்குக்கு இடையே ரப்பர் வைத்து ஓர் அங்குலம் தூக்கிவிடலாம்’ என்று கூறாத பட்டறை இல்லை. செலவு சில ஆயிரம். பலன் உடனே தெரியும். ஆயினும் நாம் இதை எளிதில் பரிந்துரைக்க மாட்டோம். காரை உயர்த்தினால் வளைவுகளில் அதன் நிலைப்பாடு மாறுகிறது. சக்கரச் சீரமைப்பு கெடலாம். நிறுவன உத்தரவாதம் கேள்விக்குள்ளாகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளரின் மூல அளவுகளினின்று வேறுபடும்படி வாகனத்தை மாற்றுவதைத் தடை செய்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை உறுதிப்படுத்தியது. காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்காமல் செய்த மாற்றம், இழப்பீடு கோரும் நாளில் தடையாக எழலாம்.

தரை இடைவெளி என்ற எண்ணுக்கு நம் நாட்டில் வரிக்கணக்கும் ஒன்று உண்டு என்பதை இங்கு நினைவுகூரலாம். 2013 பிப்ரவரி 28ஆம் நாள் தாக்கலான வரவுசெலவுத் திட்டத்தில் நிதியமைச்சர் ப. சிதம்பரம், எஸ்.யு.வி. வகைக் கார்களின் கலால் வரியை 27 விழுக்காட்டிலிருந்து 30 ஆக உயர்த்தினார். 4 மீட்டருக்கு மேல் நீளம், 1,500 சி.சி.க்கு மேல் எஞ்சின், 170 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் தரை இடைவெளி ஆகியன அவ்வகையின் இலக்கணம். உடனே மகிந்திரா நிறுவனம் தன் எக்ஸ்.யு.வி. 500 காரின் தரை இடைவெளியை 160 மில்லிமீட்டராகத் தாழ்த்தி, அந்த வரியிலிருந்து விலகியது. பத்து மில்லிமீட்டரின் விலை அவ்வளவு. பின்னர் சரக்கு-சேவை வரி வந்தபோதும் இதே 170 தொடர்ந்தது. 2023 ஜூலையில் கூடிய ஜி.எஸ்.டி. மன்றம், அந்த அளவு ஆளோ சுமையோ ஏறாத வண்டியின் அளவே என விளக்கம் தர நேர்ந்தது. அதிகாரிகளுக்கே ஐயம் எழுந்த இடத்தில், கார் வாங்குவோர் ‘இது வெறும் வண்டிக்கா, சுமை ஏற்றியதற்கா’ என்று கேட்பதில் கூச்சம் வேண்டியதில்லை.

எஞ்சினுக்கு அடியில் பொருத்தும் காப்புத் தகடு பயனுள்ளது. ஆனால் அது உரசலைத் தடுப்பதில்லை. உரசலால் விளையும் சேதத்தையே தடுக்கிறது. தகட்டின் தடிமனும் அதன் தாங்கிகளும் சேர்ந்து தரை இடைவெளியில் சிறிது குறைத்தும்விடும். அந்தந்தக் காருக்கென்றே வார்த்த, எண்ணெய் மாற்றத் திறப்புள்ள தகட்டையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

இழப்பீடு கோரலாமா?

வாசலில் இடித்து உடைந்த பம்பர், விரிவான காப்பீட்டின்படி விபத்துச் சேதமே. கோரலாம். கோருவது ஆதாயமா என்பது வேறு கேள்வி. கணக்கிட்டுப் பார்ப்போம். புது பம்பர் 6,000 ரூபாய், கூலி 2,000 ரூபாய் எனக் கொள்வோம். பிளாஸ்டிக் பாகங்களுக்குத் தேய்மானமாக 50 விழுக்காடு கழிக்கப்படும், ஆக 3,000. கூலியைச் சேர்த்தால் 5,000. 1,500 சி.சி. வரையுள்ள கார்களுக்குக் கட்டாயக் கழிவு 1,000 ரூபாய். கைக்கு வருவது 4,000 ரூபாய்.

இப்போது மறுபக்கம். ஐந்தாண்டு இழப்பீடே கோராதவருக்குச் சொந்தச் சேதப் பிரிமியத்தில் 50 விழுக்காடு தள்ளுபடி உண்டு. ஒருமுறை கோரிவிட்டால் அது மறு புதுப்பித்தலில் சுழியமாகும். அடுத்தடுத்த ஆண்டுகளில் 20, 25, 35, 45 என ஏறி, மீண்டும் 50ஐ எட்டும். தள்ளுபடிக்கு முந்தைய பிரிமியம் 12,000 ரூபாய் என்றால், முதலாண்டில் இழப்பது 6,000; பின்னர் 3,600, 3,000, 1,800, 600. கூட்டினால் 15,000 ரூபாய். காரின் மதிப்பு ஆண்டுதோறும் குறைவதால் பிரிமியமும் குறைந்து, உண்மை இழப்பு இதைவிடச் சற்றுக் குறையும். ஆயினும் 4,000 ரூபாய்க்காகக் கோருவது அறிவுடைமை ஆகாது. தேய்மானம் கழிக்காத துணைப்பத்திரமும், தள்ளுபடியைக் காக்கும் துணைப்பத்திரமும் வைத்திருப்போர்க்குக் கணக்கு மாறும். பத்திரத்தை ஒருமுறை படித்துப் பார்ப்பது நன்று.

சம்ப் உடைவது இதனினும் வேறுபட்டது. அங்கு கவனம் பணத்தில் அன்று, சாவியில் இருக்க வேண்டும். அடிபட்ட சம்பிலிருந்து எண்ணெய் ஒழுகுவதறியாமல் காரைத் தொடர்ந்து ஓட்டினால், சில கிலோமீட்டரில் எஞ்சின் இறுகிப் பழுதாகும். சம்ப் உடைந்தது விபத்து. எஞ்சின் இறுகியதோ அதன்பின் ஓட்டியதால் நேர்ந்த தொடர்விளைவு என்பது காப்பீட்டாளரின் நிலை. ‘எஞ்சின் பாதுகாப்பு’ என்னும் துணைப்பத்திரம் இல்லாதார்க்கு அதற்கு இழப்பீடு கிடைப்பது அரிது. எனவே முகட்டில் பலத்த ஓசை கேட்டால், காரைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, பத்து நிமிடம் கழித்துத் தரையைப் பார்க்க வேண்டும். அடியில் ஒரு பழைய செய்தித்தாளை விரித்து வைத்தால், ஒரு சொட்டு எண்ணெயும் தெளிவாகத் தெரியும். சொட்டினால் கார் அங்கிருந்து இழுவை வண்டியில் ஏறித்தான் பட்டறைக்குப் போக வேண்டும். வெள்ளத்தில் நின்ற காருக்கும் இதுவே முறை; நீர் வடிந்ததும் ஆவலோடு சாவியைத் திருப்புவதே எஞ்சினுக்கு எமன்.

மின்சாரக் கார் வைத்திருப்போர் ஒருபடி கூடுதல் எச்சரிக்கையுடன் இருக்க வேண்டியுள்ளது. அவ்வகைக் கார்களில் சம்ப் இல்லை. ஆனால் காரின் விலையில் பெரும்பகுதியான பேட்டரி, வயிற்றின் முழு அகலத்துக்கும் தட்டையாகப் படுத்திருக்கிறது. முகடு தொடுவது அதன் உறையையே. பேட்டரிக்கு நிறுவனங்கள் தரும் நீண்டகால உத்தரவாதம் உற்பத்திக் குறைகளுக்கானது; வெளியிலிருந்து பட்ட அடிக்கு அன்று. உரசல் சிறிதெனத் தோன்றினாலும் காரைத் தூக்கியில் ஏற்றி உறையைப் பார்த்துவிடுவது நல்லது. அடி பட்ட பேட்டரியைப் பார்க்காமல் சார்ஜில் போடுவது ஆபத்து.

புது அடுக்குமாடியில் வீடு வாங்கக் கருதுவோர், சமையலறையையும் பால்கனியையும் பார்த்தபின் கார் நிறுத்துமிடத்துக்கும் ஒருமுறை இறங்கிப் பார்க்க வேண்டும். நிலத்தடி நிறுத்துமிடமாயின், சாய்தளத்தின் வாட்டம் வரைபடத்தில் எண்ணாகவே குறிக்கப்பட்டிருக்கும். எட்டுக்கு ஒன்றைவிடச் செங்குத்தாயிருந்தால், மேலும் கீழும் மடிப்புகளில் பாதி வாட்டத்தில் மூன்று மீட்டர் அளவு இணைப்புச் சரிவு உண்டா என்று கேட்கலாம். கட்டடம் எழுந்துவிட்டிருந்தால் கேள்வியே வேண்டாம். குடும்பத்தோடு சொந்தக் காரிலேயே சென்று, அனைவரும் அமர்ந்தபடியே அந்தச் சாய்தளத்தில் ஒருமுறை இறங்கி ஏறிப் பார்த்த பிறகு முன்பணக் காசோலையில் கையொப்பமிடலாம்.